மெக்காலே பேசாத பேச்சு

மறுபடியும் அந்த மெக்காலே ஃபார்வர்டு வந்துவிட்டது. குடும்பக் குழுவில் ஒன்று, பள்ளி நண்பர்கள் குழுவில் ஒன்று. இங்கே ஆங்கிலக் கல்விக்கு வழிபோட்ட வெள்ளைக்கார அதிகாரி மெக்காலே இந்தியா முழுக்கச் சுற்றினாராம், ஒரு பிச்சைக்காரனைக்கூடப் பார்க்கவில்லையாம், இவர்களுடைய ஆன்மிகத்தை முறித்தால்தான் நாம் ஆள முடியும் என்று 1835 பிப்ரவரி 2 அன்று லண்டன் நாடாளுமன்றத்தில் முழங்கினாராம்.

அன்றைக்கு அவர் லண்டனிலேயே இல்லை. 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கி, கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்க்க ஊட்டிக்குப் போய், அங்கிருந்து கல்கத்தாவுக்குப் போன மனிதர் அவர். அந்தத் தேதியில் அவர் எழுதியது கல்வி பற்றிய ஓர் அரசுக் குறிப்பு. நல்ல ஐரோப்பிய நூலகத்தில் ஒரே ஒரு தட்டில் இருக்கும் புத்தகங்கள், இந்திய, அரபு இலக்கியம் மொத்தத்துக்கும் ஈடாகும் என்கிறார் அதில். அசலில் காறித் துப்பியிருக்கிறார், போலியில் புகழ்கிறார். நாம் போலியைத்தான் பகிர்கிறோம். நம் பெருமைக்கு இன்னமும் ஒரு துரையின் கையெழுத்து தேவைப்படுகிறது.

உடனே "நீ வெள்ளைக்காரனுக்கு வக்காலத்தா?" என்று கிளம்பிவிடாதீர்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் லட்சக்கணக்கான பேர் செத்துக்கொண்டிருந்தபோது, 1877 ஜனவரி முதல் தேதி வைஸ்ராய் லிட்டன் பிரபு டெல்லியில் தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். அதற்கு வக்காலத்து வாங்க என்ன இருக்கிறது? நாகப்பட்டினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடல் கடந்து சுமத்ராவை ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிவைத்தான். சிவபக்தன், பௌத்தப் பள்ளிக்கு நிலம் கொடுத்தான். அதைச் சொல்லும் செப்பேடுகள் 18-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களோடு நெதர்லாந்துக்குப் போயின. நாகப்பட்டினத்தில் மிஞ்சி நின்ற பழைய செங்கல் கோபுரத்தை 1867-இல் சேசு சபைப் பாதிரியார்கள் அரசின் அனுமதியோடே இடித்துத் தள்ளினார்கள்.

ஆக, கொள்ளையும் உண்டு, இடிப்பும் உண்டு. ஆனால் என் கவலை வேறு.

தஞ்சைப் பெரிய கோயிலை யார் கட்டியது என்பதே நமக்கு மறந்து போயிருந்தது. கரிகால சோழனுக்கு நோய் தீர்ந்ததால் கட்டினான் என்றுதான் தலபுராணம் சொல்லியது. பூசை நின்றதா? இல்லை. கூட்டம் குறைந்ததா? அதுவும் இல்லை. தினமும் சுற்றி வந்த சுவரில் பதில் எழுதியிருந்தது, படிக்கத்தான் ஆள் இல்லை. 1886-இல் சென்னை மாகாணக் கல்வெட்டு ஆய்வாளராக வந்த ஹூல்ஷ் என்ற ஜெர்மானியரும், அவரோடு உழைத்த நம்மூர் வெங்கையாவும் அந்த எழுத்துகளை மையொற்றிப் படித்து அச்சில் ஏற்றினார்கள். ஹூல்ஷ் பெயர் தெரிந்த அளவுக்கு வெங்கையா பெயர் யாருக்கும் தெரியாது என்பது தனி வயிற்றெரிச்சல்.

அந்தக் கல்வெட்டில் ராஜராஜன் சொல்வதைப் பாருங்கள்: "நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக. அக்கா குந்தவை கொடுத்தது, அரசிகள் கொடுத்தது, யார் யாரோ கொடுத்தது எல்லாம் அரசன் கொடுத்ததோடு சேர்ந்து கல்லில் ஏறுகின்றன. இன்னொரு கல்வெட்டில் கோயிலில் ஆட வந்து, கோயிலை ஒட்டிய தளிச்சேரித் தெருக்களில் குடியேறிய 400 பெண்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு, ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல் என்பதுவரை. தச்சர், தையல்காரர், நாவிதர் கணக்கும் அங்கே உண்டு. திருப்பதிகம் பாட 48 பேர், கொட்ட இரண்டு பேர். பக்தி என்றால் அவர்களுக்குக் கணக்கு எழுதிவைப்பதும் சேர்ந்துதான். ஆயிரம் வருஷம் கழித்து அந்த எழுத்தின் மேல் முதுகைச் சாய்த்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அதுகூடப் பரவாயில்லை. பழைய கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் சுவரில் மணலைப் பீய்ச்சியடித்துச் 'சுத்தம்' செய்தார்களே, அதில் மழுங்கிப்போன எழுத்துகளை எந்த ஹூல்ஷ் வந்து படிப்பார்? கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு, எனாமல் பெயின்ட், நடுவே துளை போட்டு ஸ்விட்ச் போர்டு. செலவு உபயதாரருடையது, அவர் பெயர் மட்டும் கறுப்புக் கிரானைட்டில் பளிச்சென்று இருக்கும்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் கதை தெரியும்தானே? பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து திருடிப் போனது கிளைவ் காலத்தில் இல்லை, நம் காலத்தில். 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அதை சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2014-இல் அவர் திரும்பி வந்தார். இது அந்தச் சிலைதான் என்று நிரூபிக்கக் கைகொடுத்தது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990-களில் எடுத்து வைத்திருந்த புகைப்படம். கும்பிட்டவர்கள் நாம், படம் இருந்தது அவர்களிடம். எனக்கு இது உறுத்துகிறது. காலனியத்தின் மிச்சம் எது என்று கேட்டால், ஆங்கிலத்தையும் ரயிலையும் விட இதைத்தான் சொல்வேன்: நம் சொத்தின் கணக்கை வேறு யாராவது வைத்திருப்பார்கள் என்று நாம் சும்மா இருப்பது.

உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி என்றால், சாரம் கட்டுவதற்கு முன்னால் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். அடித்தள வரிகள், நிலைக்கால், தூணின் தலையில் உள்ள போதிகை, தரையில் பதித்த துண்டுக்கல் எல்லாவற்றையும் சாய்ந்த வெயிலில் படம் எடுங்கள், நடு மதியத்தில் எழுத்து தெரியாது. பக்கத்தில் ஓர் அடி ஸ்கேல் வையுங்கள். உற்சவர் சிலையை எடுக்க விடமாட்டார்கள், அது தனிச் சண்டை. நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள், முன்பக்கம் மட்டும் போதாது, பின்பக்கமும் பீடமும் வேண்டும், விரல் முறிந்த இடம் இருந்தால் அதுவும். வழக்கென்று வந்தால் அடையாளம் சொல்வது அந்த முறிவுதான்.