முற்றிலும் தற்காலிகப் பணி

பல்கலைக்கழக ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம். விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்பி, அதையே பிரிண்ட் எடுத்து, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் வைத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு, உறைமேல் பதவியின் பெயரை எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பணுமாம். அப்புறம் ஆன்லைன் எதுக்குய்யா? நேர்காணலுக்குப் பயணப்படி கிடையாது, அது மட்டும் தடித்த எழுத்தில். காலையிலேயே வரச்சொல்லி, மத்தியானச் சாப்பாடு முடிந்து ஏப்பம் விட்டபிறகு கூப்பிட்டு, முதல் கேள்வியே "கல்யாணம் ஆயிடுச்சா?"

சரி, வேலை கிடைத்துவிட்டது. 2023 ஜனவரியிலிருந்து ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆராய்ச்சியாளருக்கு மாதம் 37,000 ரூபாய். காகிதத்தில்! எப்போது கைக்கு வரும் என்று கேட்டால் "ஃபண்ட் ரிலீஸ் ஆகலை". வீட்டு ஓனரிடம் இதைச் சொன்னால் கேட்பாரா? ஃபைலும் தானாக நகராது, நாமே தூக்கிக்கொண்டு மேசை மேசையாய் அலையணும். பணத்தைச் செலவழித்த கணக்கு மட்டும் மார்ச் 31-க்குள் போயே ஆகணுமாம். எந்தப் பணத்தை?