வெள்ளைப் பூச்சை வைத்துக் காலம் சொல்ல முடியாது

இங்கிலாந்து வயல்களில் கிடைக்கும் துளையிட்ட ஈயக் குண்டுகள் எல்லாம் ரோமானியர் காலத் தக்களிக் குண்டுகள் (கையால் நூல் நூற்கும் கதிரில் எடைக்காகக் கோப்பவை), படிந்திருக்கும் வெள்ளைப் பூச்சே சாட்சி என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. அந்த வெள்ளை பெரும்பாலும் ஈய கார்பனேட். எவ்வளவு படியும் என்பது மண்ணைப் பொறுத்தது. ரோமானியர் காலம் தொட்டு இடைக்காலத்துக்குப் பிறகும் இதே எளிய வடிவில் வார்த்திருக்கிறார்கள். உழுத மண்ணில் தனியாகக் கிடைத்த குண்டுக்குப் பல நூற்றாண்டுகளை உள்ளடக்கிய தோராயமான காலத்தைத்தான் குறிக்க முடியும்.

அப்புறம், துளை இருந்தாலே தக்களி ஆகிவிடாது. மீன்வலைக்கும் ஈயம் கட்டினார்கள். துளை வட்டமாக, நட்டநடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். மையம் தவறினால் தக்களி தள்ளாடும், நூல் சீராக வராது. தயவுசெய்து தேய்த்துக் கழுவாதீர்கள்; கிடைத்த இடத்தைத் துல்லியமாகக் குறித்து வையுங்கள்.