அந்த ஹாஹா போட்டவர்களுக்கு

அந்தப் பதிவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காக ஸ்க்ரீன்ஷாட் போட மாட்டேன், அதில் இருப்பது யாரோ ஒரு நோயாளியின் கையெழுத்து. கீமோ போட்டுக்கொண்டிருக்கிற ஒருவர் கோடு போட்ட நோட்டில் தேதி வாரியாக வாந்தி, வாய்ப்புண், தூக்கம், கால் எரிச்சல் என்று எழுதி டாக்டரிடம் கொடுக்கிறார். டாக்டர் அதைப் படம் பிடித்து, “ஓபி ஏன் நாலு மணி வரைக்கும் இழுக்குதுன்னு இப்போ புரியுதா?” என்று போடுகிறார். கீழே வரிசையாக ஹாஹா. என் நட்பு வட்டத்திலேயே பதினோரு பேர். ஆமாம், எண்ணினேன்.

இரண்டு நாள் சும்மாதான் இருந்தேன். நேற்று ராத்திரிக்குப் பிறகு முடியவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. அந்த நோட்டு ஒரு ரிப்போர்ட். வெள்ளை அணு எவ்வளவு என்று லேப் சொல்லும், கட்டி சுருங்கியதா என்று ஸ்கேன் சொல்லும். விரல் மரத்துப்போயிருப்பதை எந்த மெஷின் சொல்லும்? விரலுக்குச் சொந்தக்காரர்தான் சொல்லியாக வேண்டும். அவர் எழுதிக் கொடுத்தால் புலம்பல், லேப்காரர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் ரிப்போர்ட்டா?

என் அம்மாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு கீமோ, அதில் ஆக்ஸாலிபிளாட்டின் என்று ஒரு மருந்து. அதை ஏற்றிக்கொண்டவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், குளிர்ச்சியாக எதைத் தொட்டாலும் கை சுரீர் என்னும். பெரம்பூர் வீட்டில் காலை ஐந்தரைக்கு ஆவின் பாக்கெட்டை எடுத்தால் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார் அம்மா. மூன்றாவது கீமோவுக்குப் பிறகு முந்தானையைச் சுற்றித்தான் எடுப்பார். இந்தச் சுரீர் சில நாளில் அடங்கிவிடும். ஆனால் மருந்து உடம்பில் சேரச் சேர மரப்பு தங்க ஆரம்பிக்கும், நிறுத்திய பிறகும் சில மாதம் கூடிக்கொண்டே போகலாம். அதனால்தான் முதலிலேயே தெரிய வேண்டும், தெரிந்தால்தான் டோஸைக் குறைக்கலாமா, நிறுத்தலாமா என்று டாக்டர் யோசிக்க முடியும்.

அம்மா எழுதினார். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில். முன்னால் ராகு காலம், எமகண்டம், பின்னால் பென்சிலில், “4 தடவை போனது. கஞ்சி மட்டும். இடது கை 3 விரல் மரப்பு.” எத்தனை தடவை வயிற்றாலே போனது என்பதை மகன் பக்கத்தில் நிற்கும்போது மகன் வயசு டாக்டரிடம் வாயால் சொல்கிற ஆள் இல்லை அவர். அதற்குத்தான் தாள். ரப்பர் பேண்ட் போட்டு பர்ஸில் வைத்திருப்பார். டாக்டரின் ஃபைலில் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே வரி: டாலரேட்டிங் வெல், மருந்தை நன்றாகத் தாங்குகிறார் என்று.

“ஒரு ஓபியில் நூறு பேரைப் பார்க்கிற டாக்டர் இதையெல்லாம் படிச்சுக்கிட்டு இருப்பாரா?” தெரியும் சார். 87-ஆம் நம்பர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தவன் நான். டாக்டர் படிக்க வேண்டும் என்று யார் சொன்னது? நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில், நோய் பரவிய நிலையில் இருந்த 766 பேரை வைத்து ஒரு ஆய்வு நடத்தினார்கள். ஒரு பிரிவினர் 12 தொந்தரவுகளைப் பற்றித் தாங்களே கம்ப்யூட்டரில் பதிந்தார்கள். ஏதாவது திடீரென்று மோசமானால் நர்ஸுக்கு மெயில் போகும். அவ்வளவுதான் ஏற்பாடு. 2017-இல் வந்த முடிவில், பதிந்தவர்களின் சராசரி ஆயுள் (மீடியன் கணக்கில்) 31.2 மாதம், வழக்கமான முறையில் பார்க்கப்பட்டவர்களுக்கு 26. புது மருந்து ஒன்று இந்த ஐந்து மாதத்தைக் கொடுத்திருந்தால் நாம் தாலியை அடகு வைத்து வாங்கியிருப்போம். கேள்வித்தாள் என்பதால் ஹாஹா.

பின்னூட்டத்தில் ஒருவர் கட்டாயம் வருவார், “அப்புறம் 52 மருத்துவ மையங்களில் 1,191 பேரை வைத்து இதே மாதிரி செய்த ஆய்வில் ஆயுள் கூடவில்லையே” என்று. உண்மை, கூடவில்லை. ஆனால் அதே ஆய்வில் தொந்தரவுகள் கட்டுக்குள் இருந்தன, அன்றாடம் நடமாடி வேலை செய்வதும் மேலாக இருந்தது. சரி, ஒரு நாள்கூட ஆயுள் நீளவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இருக்கிற நாளில் ஒரு ஊக்கு மாட்ட முடிந்தால் போதாதா?

“அங்கெல்லாம் படிச்சவங்க, நம்ம ஜனங்களுக்கு இது வருமா?” ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சிலிண்டர் புக் பண்ணுகிற ஜனம்தான் நம்முடையது. புற்றுநோயாளிகள் தங்கள் நிலையைத் தாங்களே குறிக்க ஐரோப்பியர்கள் உருவாக்கிய 30 கேள்விப் படிவம் தமிழிலேயே இருக்கிறது. கொடுக்கிறவர்கள்தான் இல்லை. “கூகுள் பார்த்துட்டு வந்து உயிரை எடுக்கிறாங்க” என்பவர்களுக்குப் பதில் சொல்கிற பொறுமை இன்று இல்லை.

ஊக்கு என்றேன். எட்டாவது கீமோ முடிந்த வாரம், புடவைக்கு ஊக்கு குத்திக்கொண்டு அம்மா வெளியே வந்தார். தோளில் சிவப்பாக ஏதோ. குங்குமம் என்று நினைத்தேன். ஊக்கு கட்டைவிரலில் ஏறி ரத்தம் வந்துகொண்டிருந்தது, அவருக்குத் தெரியவே இல்லை. “வலிக்கலையேடா” என்று விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அன்றைக்குத்தான் அந்தத் தாள்களை நான் எடுத்துக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்த சிஸ்டர் நின்றபடியே பத்து தாள் புரட்டினார், உள்ளே போனார். அந்த மருந்தை அன்றே நிறுத்தினார்கள். படிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்கு முன்னால் ஏன் காட்டவில்லை என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் டாக்டர் அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து “ஹவ் இஸ் ஷீ?” என்பார். நான் “ஃபைன் டாக்டர், கொஞ்சம் டயர்ட்” என்பேன். அம்மாவின் கை பர்ஸ் ஜிப்பில் இருக்கும். ஆட்டோவில் திரும்பும்போது “தாளைக் காட்டலாம்னு பார்த்தேன்டா” என்பார். “அடுத்த வாட்டி காட்டலாம்மா.” சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்களோ என்று பயம் எனக்கு. டாலரேட்டிங் வெல் என்று எழுதியது டாக்டர். எழுத வைத்தது நான். இதைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், வரவில்லை.

நேற்று ராத்திரி என் போனில் அந்தப் படத்தை அம்மா பார்த்துவிட்டார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் படித்தார். “யாரோ தேதியெல்லாம் போட்டு எவ்ளோ அழகா எழுதியிருக்காங்க பாரு” என்றார். அப்புறம் கீழே இருந்த மஞ்சள் முகங்களைக் காட்டி, “இது எதுக்குடா சிரிக்குது?” என்றார்.

சார்ஜ் இல்லைம்மா என்று போனை வாங்கிக்கொண்டேன்.