போனிலேயே மேப் இருக்கே, புவியியல் எதுக்கு?

"மேடம், மேப் எல்லாம் போன்லயே இருக்கே. இதை எதுக்கு மூணு வருஷம் படிக்கணும்?"

முதலாண்டு வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நக்கலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிரிமியாவைத் தேடிப் பார் என்றேன். 2014-இல் உக்ரைனிடமிருந்து ரஷ்யா பிடித்துக்கொண்ட நிலம் அது. ரஷ்யாவுக்குள் இருந்து கூகுள் மேப்பைத் திறப்பவருக்கு அது ரஷ்யாவின் பகுதி. இந்த இரண்டு நாடுகளுக்கும் வெளியே இருந்து திறப்பவருக்கு அங்கே தெரிவது ஒரு புள்ளிக்கோடு. 2014-க்குப் பிறகு இப்படித்தான். ஒரே போன், ஒரே நிறுவனம், ஒரே நிலம், ஆனால் பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து எல்லை மாறுகிறது. போன் வழி காட்டும். அந்தக் கோட்டை அங்கே யார் போட்டார்கள், அதனால் யார் பிழைப்பு என்ன ஆனது என்று அது சொல்லாது. அதற்குத்தான் மூன்று வருஷம்.

இவ்வளவு முக்கியமான படிப்பை நாம் பாழாக்கி வைத்திருக்கிறோம் என்பது என் நெடுநாள் ஆதங்கம். தலைநகரம், நாணயம், எந்த நாட்டில் என்ன விளையும்: மனப்பாடம், தேர்வு, மறதி. கல்லூரிக்கு வந்தால் அரசியல் புவியியல் ஒரு தாள், பொருளாதாரப் புவியியல் இன்னொரு தாள். எல்லைகளை ஒருவர் நடத்துவார், வணிகத்தை இன்னொருவர் நடத்துவார். இரண்டும் ஒரே தரையில்தான் நடக்கின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளிருக்காது.

ஜிபூட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தில் சுமார் 10 லட்சம் பேர் வாழும் குட்டி நாடு. சொல்லிக்கொள்ளும்படி விளைச்சல் இல்லை, நல்ல தண்ணீருக்கே கஷ்டம். ஆனால் அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான், இத்தாலி, சீனா எல்லாருக்கும் அங்கே படைத்தளம் உண்டு. சீனா வெளிநாட்டில் திறந்த முதல் ராணுவத் தளமே 2017-இல் அங்கேதான் வந்தது. காரணம், அதன் வாசலில் இருக்கும், செங்கடலின் தெற்கு வாயான பாபெல் மண்டெப் நீரிணை. சூயஸ் கால்வாய் வழியாக ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே ஓடும் கப்பல்கள் அந்த 30 கிலோமீட்டர் இடுக்கில் நுழைந்தாக வேண்டும். 2023 நவம்பரில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் அங்கே கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், பெரிய கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு நன்னம்பிக்கை முனை வழியாகப் போயின. அடுத்த ஆண்டு எகிப்துக்குச் சூயஸ் கால்வாயிலிருந்து வந்த வருமானத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. இது போர்ச் செய்தியா, வணிகச் செய்தியா? எந்தத் தாளில் வைத்து நடத்துவது?

"புவியியல்தான் ஒரு நாட்டின் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. கடல் இல்லாத நாடுகள் உலகில் 44. அவற்றில் சுவிட்சர்லாந்தும் ஒன்று, எத்தியோப்பியாவும் ஒன்று. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத் துறையில் ஏற்றிய சரக்கு ரைன் ஆற்றிலேயே நெதர்லாந்தின் ராட்டர்டாம் போய்க் கடலைத் தொடும். அந்த ஆற்றில் போவதற்கென்று யாரும் வரி வாங்கக் கூடாது என்று 1868-இல் மன்ஹைமில் கரையோர நாடுகள் ஒப்பந்தம் போட்டன, இன்றும் அது செல்லும். எத்தியோப்பியாவில் 12 கோடிக்கும் மேல் மக்கள். அதுவரை அதோடு இருந்த எரித்திரியா 1993-இல் தனி நாடானபோது எத்தியோப்பியாவின் கடற்கரை முழுக்கப் போயிற்று. அப்படியும் ஐந்து ஆண்டுகள் எரித்திரியாவின் அசாப் துறைமுகத்தைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். 1998-இல் இரு நாடுகளுக்கும் எல்லைப் போர் மூண்டது, அசாப் வழி அடைபட்டது. மலை இடம் மாறவில்லை, கடல் தள்ளிப் போகவில்லை. இரண்டு அரசுகள் முறைத்துக்கொண்டன, ஒரு தேசத்தின் சரக்கு ஏறக்குறைய மொத்தமும் ஜிபூட்டியை நம்பி நிற்கும்படி ஆனது. இதில் நிலத்தின் பங்கு எவ்வளவு, மனிதர் செய்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அந்தப் பக்குவம் மனப்பாடத்தில் வராது.

இதற்கு நேர் எதிரான பேச்சும் உண்டு: இணையம் வந்த பிறகு தூரம் என்பதே இல்லையாம். அப்படிச் சொல்பவர்களைப் பனாமாவுக்குக் கூட்டிப் போகத் தோன்றும். அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைக்கும் அங்குள்ள கால்வாய் கடல்மட்டத்தில் வெட்டியது அல்ல. கப்பலை மதகுகளில் நிறுத்தித் தண்ணீரை விட்டு 26 மீட்டர் உயர்த்தி, கட்டூன் ஏரியின் மேல் ஓட்டி, மறுபக்கம் இறக்கிவிடுகிறார்கள். பழைய மதகுகளில் ஒரு கப்பல் கடக்கக் கிட்டத்தட்ட 19 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் கடலுக்குப் போகிறது. மழை பெய்தால்தான் அந்த ஏரி நிரம்பும். 2023-இல் மழை பொய்த்தது. நாளுக்கு 36 கப்பல் போன இடத்தில் 22 வரை குறைத்தார்கள். முன்னால் போக இடம் ஏலத்துக்கு வந்தது. ஒரு கப்பலுக்காகக் கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர் கொடுத்தார்கள்.

பனாமா மக்களில் பாதிப்பேருக்குக் குடிதண்ணீரும் இதே கால்வாய் ஏரிகளிலிருந்துதான் போகிறது. தட்டுப்பாட்டைத் தீர்க்க ரியோ இந்தியோ ஆற்றில் புது அணை கட்டப்போகிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் பயிர் வைத்து வாழ்பவர்கள், எங்களை ஏன் கிளப்புகிறீர்கள் என்று போராடுகிறார்கள். கப்பல் தாமதமானால் உலகச் செய்தி. அவர்கள் வீடு முழுகினால்? எங்கோ ஒரு கடையில் ஒரு பொருளின் விலை குறைவாக இருப்பதற்கு யாரோ ஒருவருடைய வயல் விலையாகப் போகிறது என்பதைப் பிள்ளைகள் படத்தோடு, கணக்கோடு தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

(1948-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் புவியியல் துறையையே இழுத்து மூடியது. உலகமெங்கும் புது எல்லைகள் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில்! அதற்கு முந்தைய ஆண்டுதான், இந்தியாவுக்கு அதுவரை வந்தே இராத ஆங்கில வழக்கறிஞர் ராட்கிளிஃப் ஐந்து வாரத்தில் பஞ்சாபையும் வங்கத்தையும் பிரித்துக் கோடு போட்டிருந்தார்.)

ஆகவே, என் வகுப்பில் மேப்பைக் கையால் வரையச் சொல்கிறேன். பிரதி எடுக்க விடுவதில்லை. கை ஒரு கோட்டை இழுக்கும்போது மனம் அங்கே நிற்கிறது; ஏன் இங்கே வளைகிறது என்று கேள்வி வருகிறது.

அதே மாணவி சென்ற வாரம் எத்தியோப்பியாவை வரைந்துகொண்டு வந்தாள். தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து ஜிபூட்டி வரை ரயில்பாதை, சீனக் கடனில் கட்டியது என்று ஓரத்தில் குறிப்பு. அசாபுக்குப் போகும் சாலையையும் அழுத்தமாக முழுக்கோடாகப் போட்டிருந்தாள்.

"இந்த ரோடு இப்பவும் இருக்குல்ல மேடம்?"

சாலை இருக்கிறது என்றேன். 2018-இல் இரண்டு நாடும் சமாதானமாகி எல்லையைத் திறந்தார்கள், இருபது வருஷம் கழித்துச் சொந்தக்காரர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள், கொஞ்ச நாளிலேயே மறுபடி மூடிவிட்டார்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரப்பரை எடுத்து அந்தக் கோட்டை இடையிடையே அழித்துப் புள்ளிக்கோடாக்கினாள்.