அம்மா தெய்வமாம், ஒரு ராத்திரி உட்கார ஆளில்லை

எங்கள் அண்ணனைப் போல ஒரு வேடதாரியை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. இப்படியெல்லாம் எழுதினால் குடும்ப மானம் போய்விடும் என்பார்கள். போகட்டும். அம்மாவைப் பார்த்துக்கொள்கிற வேலையோடு அந்த மானத்தைப் பார்த்துக்கொள்கிற வேலையும் இத்தனை நாள் என் தலையில்தான் கிடந்தது. இரண்டில் ஒன்றை இன்றைக்கு இறக்கி வைக்கிறேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. படுத்த படுக்கை. பேச்சு குழறும், ஆனால் நினைவு தெளிவாக இருக்கிறது. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. "அம்மாவுக்கு இப்ப ஒண்ணும் புரியறதில்ல, அவங்க வேற உலகத்துல இருக்காங்க" என்று எல்லோரிடமும் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லித் திரிகிறான். புரியாது என்று ஊரை நம்பவைத்துவிட்டால், வராமல் இருப்பதை யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா?

படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியும் சேர்த்து. முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால் என்று எலும்பு துருத்தும் இடங்களையெல்லாம் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுக்க வேண்டும். அழுத்திய இடம் வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் பரவாயில்லை. வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். டயப்பரை நேரத்துக்கு மாற்றாமல் தோல் ஈரத்தில் ஊறினால் அந்தப் புண் இன்னும் சீக்கிரம் வரும். சாப்பாடு கொடுக்கும்போது நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு வாய் இறங்கியது தெரிந்த பிறகுதான் அடுத்த வாய். கொடுத்து முடித்தும் அரை மணி நேரம் சாய்க்கக் கூடாது. அம்மாவுக்குத் தண்ணீரைக்கூட அப்படியே கொடுக்க முடியாது, கெட்டியாக்கும் பவுடர் கலந்துதான் கொடுக்கிறோம். விழுங்கும் தசைகள் பலவீனமாகிவிட்டால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். பக்கவாதம் வந்தவர்கள் பலர் அந்த நிமோனியாவில்தான் போய்ச் சேருகிறார்கள். இதையெல்லாம் டாக்டர் எங்கள் இருவரையும் எதிரில் உட்கார வைத்துத்தான் சொன்னார். இருவரையும். அண்ணனும் நன்றாகத் தலையாட்டிக் கேட்டான்.

அப்படிக் கேட்டவன் போன தடவை வந்தபோது என்ன செய்தான் தெரியுமா? நான் துணி அலசிக்கொண்டு இருந்தேன். வந்தவன் செருப்பைக் கழற்றிய கையோடு உள்ளே போனான். கூட வந்த அவன் பையனிடம் போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்லியிருக்கிறான். அம்மா மட்ட மல்லாக்கப் படுத்திருந்தாள். அவள் தலைக்கடியில் ஒரு கையை மட்டும் கொடுத்துக்கொண்டு, தன் பையிலிருந்த பாட்டிலைத் திறந்து வாயில் தண்ணீர் ஊற்றினான். இருமல் சத்தம் கேட்டு நான் ஈரக் கையோடு ஓடிவந்தேன். அம்மாவின் முகம் சிவந்து, கண் பிதுங்கி, வலது கை மட்டும் படுக்கை விரிப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நான் அவளைத் தூக்கி உட்கார வைத்து, முன்னால் சாய்த்துப் பிடித்து, இருமல் அடங்குவதற்குள் என் உயிர் போய் உயிர் வந்தது. அவன் எட்டி நின்று சட்டையில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டே, "என்னம்மா இது, அம்மாவை இப்படி வெச்சிருக்கே? ஒரு வாய் தண்ணிகூட இறங்க மாட்டேங்குது, நீ ஒழுங்கா பாத்துக்கறியா இல்லையா?" என்று என்னைக் கேட்டான்.

என்னைக் கேட்டான்! கால் மணி நேரம்கூட இருக்கவில்லை, கிளம்பிவிட்டான். அம்மாவின் மூச்சு சரியாக இருக்கிறதா என்று வழியிலிருந்து ஒரு போன் கிடையாது. ராத்திரி பார்த்தால், இருமலுக்கு முந்தைய நொடிகளை மட்டும் வெட்டி எடுத்து, சோக இசை சேர்த்து, "எனக்குப் பாலூட்டிய தெய்வத்துக்குத் தாகம் தீர்க்கும் பாக்கியம்" என்று போட்டிருக்கிறான். கீழே உறவுக்காரர்கள் வரிசையாக, உன்னைப் பெற அவள் என்ன தவம் செய்தாளோ என்று உருகித் தள்ளியிருந்தார்கள். அம்மாவுக்கு லேசாகச் சளி கட்டிவிட்டதோ, காய்ச்சல் வந்துவிடுமோ என்று விடியும்வரை நான் தெர்மாமீட்டரோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கிடந்த போனில் அவனுக்கு வாழ்த்து வந்துகொண்டே இருந்தது.

இவன் சும்மா இருந்தால்கூடப் போகிறது என்று விட்டுவிடலாம். உபதேசம் செய்கிறானே! வாரம் தவறாமல் போன் வரும். "கடமையைச் செய்யும்போது முகம் சுளிக்கக் கூடாதும்மா." "பெத்தவங்களுக்குச் செய்யறதைக் கணக்குப் பாக்கக் கூடாது." இதைச் சொல்கிறவன் மருந்துச் சீட்டு ஒவ்வொன்றையும் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறான். இந்த மாசம் டயப்பர் ஏன் இவ்வளவு ஆச்சு, பகலில் பழைய துணியை வைத்தால் என்ன என்று கேட்கிறான். அனுப்புகிற பணத்தைப் பற்றி எத்தனை பேரிடம் பேசுகிறான் என்று பார்த்தால், பணத்தைவிடப் பேச்சுதான் அதிகம். அம்மாவின் நகையை வங்கிப் பெட்டகத்தில் "பத்திரமாக" வைத்திருப்பவனும் இவன்தான், சாவியும் இவனிடம்தான். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் "இந்த நேரத்துல இதெல்லாம் ஒரு பேச்சா" என்று மனம் நொந்துவிடுவான்.

ஆனால் என்னை இப்படி எழுத வைத்தது இது எதுவும் இல்லை. எங்கள் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை, தன் அப்பாவை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தான். அவருக்கு மறதி நோய். ராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போய்விடுவார். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துவிடுவார். அவனும் அவன் மனைவியும் முடிந்தமட்டும் பார்த்தார்கள், முடியாத கட்டத்தில்தான் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் அவருக்கு நகம் வெட்டிவிட்டு, முகம் மழித்துவிட்டு வருகிறான். அவனை எங்கள் அண்ணன் ஒரு கல்யாண வீட்டில், அத்தனை பேர் முன்னால் நிறுத்தி வைத்து, "பெத்த அப்பனை அனாதையாக்கின கை இது" என்று கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான். அழுதான் வேறு. "எங்க அம்மாவை நான் கண்ணுக்குள்ள வெச்சுப் பாக்கறேன்டா" என்றான். அந்தப் பையன் தலை குனிந்தபடியே சாப்பிடாமல் போய்விட்டான்.

அதே அண்ணன், அது நடந்து அதிக நாள் ஆகவில்லை, எனக்குப் போன் செய்து குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது இது: "நல்ல இல்லமா ஒண்ணு விசாரிச்சு வை. செலவு பாத்துக்கலாம். ஆனா நான் சொன்னதா வெளிய வர வேண்டாம், நீ முடிவெடுத்த மாதிரியே இருக்கட்டும். நான் வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன், நீ கேக்கலைன்னு சொல்லிக்கறேன்."

இதைப் படிக்கிறவர்கள் இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள். அம்மாவை இல்லத்தில் விட வேண்டும், ஆனால் விட்டவள் நானாக இருக்க வேண்டும். விட வேண்டாம் என்று கண்ணீர் விட்டவன் அவனாக இருக்க வேண்டும். அடுத்த கல்யாண வீட்டில் என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்ட இப்போதே ஏற்பாடு செய்துகொள்கிறான். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்களே, இவன் இடிக்கிற கடப்பாரையையும் என் கையில் அல்லவா திணிக்கப் பார்க்கிறான்!

இல்லத்தில் சேர்ப்பது பாவம் என்று நான் நினைக்கவில்லை. முடியாதவர்கள் முடியவில்லை என்று சொல்லிச் சேர்க்கட்டும். அண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே நேராகச் சொல்லிவிட்டாள்: "என்னால மலம் மூத்திரம் எல்லாம் எடுக்க முடியாதும்மா, என்னை மன்னிச்சுக்கோ." அவள் மேல் எனக்குத் துளிக் கோபம் இல்லை. தோலுக்குப் போடும் களிம்பு தீரப்போகிற நேரத்தில் சொல்லாமலே வாங்கி அனுப்பிவிடுகிறாள், அதை யாரிடமும் சொல்லிக்கொள்வதும் இல்லை.

இந்த வேறுபாடு என் மனதின் குறுகலால் வருவதில்லை. 2017-இல் ஜில்லியன் ஜோர்டன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வேடதாரிகளை மனிதர்கள் ஏன் இவ்வளவு வெறுக்கிறார்கள் என்று ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஒருவர் இன்னொருவரைக் கண்டிக்கும்போது, இவர் அந்தத் தப்பைச் செய்யாதவர் என்று கேட்பவர்கள் தாமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். "நான் அப்படிச் செய்ய மாட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்வதைவிடவே அந்தக் கண்டனத்துக்குப் பலம் அதிகம். அதாவது அடுத்தவனைத் திட்டியே இலவசமாக நல்ல பெயர் வாங்கிக்கொள்ள முடியும். அதனால்தான் சாயம் வெளுக்கும்போது ஆத்திரம் பொங்குகிறது. திட்டும்போதே "நானும் சில சமயம் இதைச் செய்கிறவன்தான்" என்று ஒத்துக்கொள்பவர் மேல் மக்களுக்கு அந்த அளவு வெறுப்பு வருவதில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. எங்கள் அண்ணனும் அண்ணியும் இருக்கும் ஒரே வீட்டில் இரண்டையும் நான் பார்க்கிறேன்.

அதற்கு 20 வருஷம் முன்பு, 1997-இல், டேனியல் பேட்சன் என்ற உளவியலாளர் செய்த சோதனை ஒன்றும் உண்டு. இரண்டு வேலை, ஒன்று நல்லது, ஒன்று சலிப்பானது. உங்களுக்கு எது, இன்னொருவருக்கு எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள், வேண்டுமானால் நாணயம் சுண்டிக்கொள்ளலாம் என்று ஆட்களைத் தனியாக விட்டார்கள். நாணயம் சுண்டியவர்களிலும் மிகப் பெரும்பாலோர் நல்ல வேலையைத் தமக்கே எடுத்துக்கொண்டார்கள். நேர்மையாகச் சுண்டியிருந்தால் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத்தான் அப்படி விழுந்திருக்கும். நியாயமாக நடந்த மாதிரி ஒரு பெயரும் வேண்டும், லாபமும் கையை விட்டுப் போகக் கூடாது. பிறகு அதே குழுவினர் முகத்துக்கு நேராக ஒரு கண்ணாடியை வைத்துச் சோதித்தபோது, நாணயம் சுண்டியவர்கள் நேர்மையாக நடந்துகொண்டார்கள். எங்கள் அண்ணன் எதிரில் கண்ணாடி வைத்து எந்தப் பிரயோஜனமும் இல்லை. நடு வகிடு நேராக இருக்கிறதா என்று பார்ப்பான்.

உறவுக்காரர்களையும் விட மாட்டேன். "அவன் எவ்வளவு நல்ல மனசுக்காரன், நீதான் எப்பவும் எரிஞ்சு விழறே" என்று எனக்குப் புத்தி சொல்கிறவர்கள் யாரும் ஒரு மதியம் வந்து உட்கார்ந்து, "நீ போய்த் தூங்கு, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னதில்லை. தூக்கமே இல்லாதவளுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து பேசுகிறவனுக்குக் குரல் இனிமையாகத்தான் இருக்கும். அந்த இனிமையைக் கேட்டு அவன் நல்லவன், நான் கொடுமைக்காரி என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஒருவனுடைய கள்ளத்தனம் அவனோடு நின்றால் தொலையட்டும் என்று விடலாம். பாடுபடுகிறவளின் பெயரையும் அல்லவா அது கெடுத்துவிடுகிறது! சில ராத்திரிகளில், உண்மையாகவே நான்தான் மனசு சரியில்லாதவளோ என்று என்னையே சந்தேகப்படும் நிலைக்குக் கொண்டுவந்து விட்டான், பாவி.

இப்போது அம்மாவின் பிறந்தநாளுக்கு வருகிறானாம். குடும்பத்தோடு. "அம்மாவுக்கு நல்ல துணியா உடுத்தி, தலை சீவி, சேர்ல உட்கார வெச்சிரு, எல்லாரும் சேர்ந்து படம் எடுத்துக்கலாம்" என்று செய்தி அனுப்பியிருக்கிறான். அந்தத் தேதியில் அம்மா எத்தனை நிமிஷம் நாற்காலியில் உட்கார முடியும், உட்கார்ந்தால் இடுப்பு தாங்குமா என்ற கேள்வி அந்தச் செய்தியில் இல்லை.

வரட்டும். வருகிறவனுக்கு இதையே பதிலாக அனுப்பியிருக்கிறேன், குடும்பக் குழுவில் எல்லோரும் பார்க்கிற மாதிரி. இல்லம் பற்றி அவன் போனில் சொன்னதையும் மேலேயே எழுதிவிட்டேன். அந்தத் தம்பியிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, படம் எடுப்பதாக இருந்தால் வர வேண்டாம். மகனாக வருவதென்றால் ராத்திரிக்குத் தங்குகிற மாதிரி வா. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு மணிக்கு அம்மாவைப் புரட்ட வேண்டும். எந்த நேரத்துக்கு எந்தப் பக்கம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. கையுறை மேல் தட்டில், டயப்பர் கட்டிலுக்கு அடியில், களிம்பு அண்ணி அனுப்பியது ஜன்னலோரம். தண்ணீர் கேட்டால் பவுடர் கலந்து, உட்கார வைத்துக் கொடு. போனை வாசலிலேயே என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போ.