ராம்ஸ்டைனிலிருந்து ஆல்ப்ஸ் கிளம்பும் முன்

ஜெர்மனியில் உள்ள ராம்ஸ்டைன் அமெரிக்க விமானப்படைத் தளத்தில் பணியாற்றும் ராணுவத் தம்பதியின் வார இறுதிப் பயணங்கள் பற்றி ஒரு கட்டுரை படித்தேன், அழகாகச் சொல்கிறது. ஆனால் கவனிக்காவிட்டால் பயணமே கெட்டுப்போகக்கூடிய விஷயங்கள் சில அதில் விடுபட்டுள்ளன.

முதலில் பாஸ்போர்ட். படைவீரரின் மனைவிக்கோ கணவருக்கோ அரசு தரும் கட்டணமில்லா பாஸ்போர்ட் உல்லாசப் பயணத்துக்கானது அல்ல. சுற்றுலா பாஸ்போர்ட் தனியாக வேண்டும். அதோடு சோஃபா (SOFA) அட்டையும், அதாவது படையினரும் குடும்பத்தினரும் ஒப்பந்தப்படி ஜெர்மனியில் தங்கலாம் என்று காட்டும் அட்டையும், கையில் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் ஷெங்கன் (பொது எல்லை விதி கொண்ட ஐரோப்பிய நாடுகள்) எல்லை அதிகாரி, 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற சுற்றுலாக் கணக்கைத் தொடங்கிவிடுவார்.

அடுத்து டயர், இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். டயரின் பக்கவாட்டில் 'எம் பிளஸ் எஸ்' (M+S, சேறு, பனி) எழுத்து மட்டும் இருந்தால் 2024 அக்டோபர் முதல் ஜெர்மனியின் பனிச்சாலையில் அது சட்டப்படி செல்லாது. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் பொறித்த சின்னம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஜெர்மனியில் டயர் வரிப்பள்ளத்தின் குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ.தான், ஆஸ்திரியாவிலோ குளிர்கால டயருக்கு 4 மி.மீ. வேண்டும்.

படையினருக்குத் தரும் வரியில்லாப் பெட்ரோல் அட்டை ஜெர்மனிக்கு வெளியே உதவாது, எல்லைக்கு முன்பே டேங்கை நிரப்புங்கள். ஆஸ்திரியாவின் நெடுஞ்சாலை வில்லையை (சுங்கம் கட்டியதற்கான அனுமதி) குறைந்த நாட்களுக்கும் வாங்கலாம். சுவிட்சர்லாந்தில் ஆண்டு வில்லை மட்டுமே, 40 பிராங்க். வில்லையை ஸ்டிக்கராக வாங்கினால் காரின் முன் கண்ணாடியில் ஒட்டியே ஆக வேண்டும். டாஷ்போர்டில் சும்மா வைத்திருந்தால் அபராதம். ஆஸ்திரியா வழியாக இத்தாலிக்குப் போகும் பிரென்னர் சாலைக்குத் தனிச் சுங்கம்.