வருந்துகிறோம் என்று சொன்னது கோழைத்தனமா?

2025 ஜனவரி 20, பதவியேற்ற அன்றே டிரம்ப் போட்ட கையெழுத்துகளில் ஒன்று, உலக சுகாதார நிறுவனத்திலிருந்து அமெரிக்கா விலகும் என்ற உத்தரவு. மறுநாள் அந்த நிறுவனம், வருந்துகிறோம், மறுபரிசீலனை செய்வீர்கள் என்று நம்புகிறோம் என அறிக்கை விட்டது. இவ்வளவு பணிந்து போவதா என்று நண்பர்கள் பலர் கொதித்தார்கள். எனக்கு அதில் தவறே தெரியவில்லை.

1949இல் சோவியத் ஒன்றியமும் இப்படித்தான் விலகுவதாக அறிவித்தது. நிறுவனத்தின் சாசனத்தில் விலகலுக்கென்று ஒரு விதியே கிடையாது. அதனால் சண்டைக்குப் போகாமல், 'செயல்படாத உறுப்பினர்' என்று குறித்துவைத்துக் காத்திருந்தார்கள். 1950களின் நடுவில் சோவியத் திரும்பி வந்தது. 1958இல் உலக சுகாதாரப் பேரவை, அதாவது அந்த நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடி முடிவெடுக்கும் கூட்டம், நடந்தது அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில். பெரியம்மையை உலகத்தை விட்டே விரட்டுவோம் என்று அங்கே எழுந்து சொன்னவர் விக்டர் ஷ்தானோவ், சோவியத்தின் துணைச் சுகாதார அமைச்சர். பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது! பின்னால் அந்தத் திட்டத்தை நடத்தியவர் அமெரிக்கரான டொனால்ட் ஹெண்டர்சன். தடுப்பூசியைக் கோடிக்கணக்கில் கொடுத்தது சோவியத். 1980இல் நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். என் அம்மாவின் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறது, என் கையில் இல்லை. 1949இல் கோபத்தில் கதவைச் சாத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன்.

சரி, என் கோபம் எங்கே என்றால், பணத்தில். நாடுகள் கட்டாயமாகக் கட்டும் உறுப்பினர் சந்தா மொத்த வரவில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. மீதியெல்லாம் மனமிருந்தால் கொடுக்கும் நன்கொடை, அதுவும் பெரும்பாலும் இன்ன வேலைக்குத்தான் என்ற நிபந்தனையோடு. இரண்டையும் சேர்த்து அமெரிக்கா மட்டும் ஏறக்குறைய 18 சதவீதம் கொடுத்துவந்தது. அது போனதும் 2026-27க்குத் திட்டமிட்ட 530 கோடி டாலரை 420 கோடியாகச் சுருக்க வேண்டியதாயிற்று. எத்தனை பேருக்கு வேலை போனது!

2020இல் இதே டிரம்ப் முதல் தடவை விலகல் கடிதம் கொடுத்தபோதே மற்ற நாடுகள் விழித்திருக்க வேண்டாமா? அடிப்படைச் செலவில் பாதியைச் சந்தாவிலிருந்தே எடுப்பது என்று 2022இல்தான் முடிவெடுத்தார்கள், அதையும் படிப்படியாகத்தான். 2025 மே மாதம் சந்தாவை இன்னொரு 20 சதவீதம் உயர்த்தினார்கள். இந்தியாவுக்கும் சேர்த்துத்தான் அந்த உயர்வு. நம் வரிப்பணம் அங்கே கூடுதலாகப் போவதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.